கட்டிக்குள்ளே காவல்காரன்!

வள்ளூரிலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர்கள் அத்திப்பட்டுப் புதுநகரில் மின்சார ரயில் ஏறுவார்கள். காலை வண்டியில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பெண்மணியின் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கையிலும் கழுத்திலும் கன்னத்திலும் பட்டாணி அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் சின்னச் சின்ன முண்டுகள். ஏறுகிற பெண்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றபடியே வருகிறார்கள். நிஜத்தைச் சொல்லுங்கள்: நீங்கள் அங்கே உட்காருவீர்களா?

தாராளமாக உட்காரலாம். அந்த முண்டுகள் தொற்றுவியாதி அல்ல. தொட்டாலும் ஒட்டாது; ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பலர் பயப்படுவதுபோல் அது தொழுநோயும் அல்ல. (தொழுநோயே இன்று மருந்தால் குணமாகிற வியாதிதான் என்பது வேறு விஷயம்.) நரம்பின் உறையிலிருந்து வளரும் சாதுவான கட்டிகள் இவை. டாக்டர்கள் 'நியூரோஃபைப்ரோமா' என்கிறார்கள். நாம் நரம்பு நார்க்கட்டி என்று சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் மெத்தென்று இருக்கும். விரலால் அமுக்கினால் சட்டைப் பொத்தான் துவாரத்தில் நுழைகிற மாதிரி உள்ளே போகும்; விரலை எடுத்தால் மறுபடி எழும்பும். வீட்டில் இதைக் 'கொழுப்புக் கட்டி' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பவர்களும் உண்டு.

உடம்பில் எங்கேயாவது ஒரே ஒரு நார்க்கட்டி வருவது சாதாரணம். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பத்து, ஐம்பது, நூறு என்று வந்தால் அதற்குப் பின்னால் ஒரு பரம்பரைக் காரணம் இருக்கிறது.

பழி யார் மேலே?

நம் வீடுகளில் இப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால் பழி நேரே தாயின் தலையில்தான் விழும். "கிரகணத்தன்று வெளியே வந்தாயே!" என்பாள் பாட்டி. "சொந்தத்தில் கட்டாதே என்று சொன்னேனே, கேட்டீர்களா?" என்பார் பெரியப்பா. வள்ளூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் சொல்லத் தோன்றும்.

மூன்றும் தப்பு. கிரகணத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மாமன் மகனைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும் இந்த வியாதி விஷயத்தில் ஒன்றுதான். சாம்பல் மூச்சுக்குக் கெடுதல், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கட்டிகளுக்கு அது காரணம் அல்ல.

காரணம் நம் செல்களுக்குள் 17-வது குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீன். 1990-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். பால் பொங்கி வரும்போது ஓடிப்போய் அடுப்பைத் தணிக்கிறீர்கள் அல்லவா? அந்த வேலையைத்தான் செல்லுக்குள் இந்த ஜீன் செய்கிறது. 'வளர்ந்தது போதும்' என்று தணிக்கிற கை அது. கை பழுதானால் பால் வழிகிறது, செல் பெருகுகிறது.

உலகத்தில் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் இந்தப் பழுதோடு பிறக்கிறார்கள். எந்த ஜாதிக்கும், எந்த நாட்டுக்கும் விலக்கில்லை. இவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ இது வருகிறது. மீதிப் பாதிக்குக் குடும்பத்தில் யாருக்குமே கிடையாது. கருவாகும்போது தானாகவே நேர்ந்த பழுது. இதில் தாயைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

கொசுக்கடியும் நார்க்கட்டியும்

இந்தக் கட்டிக்குள்ளே என்னதான் இருக்கிறது? இதை விளக்கக் கொசுவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி வசிப்பவர்களுக்குக் கொசுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை!

கொசு கடித்ததும் தோல் சிவந்து தடித்து அரிக்கிறதே, ஏன்? நம் தோலுக்கடியில் 'மாஸ்ட் செல்' என்று ஒரு வகைக் காவல்காரர்கள் இருக்கிறார்கள். உடம்பைப் பாதுகாக்கும் சேனையில் இவர்களும் ஒரு பிரிவு. ஒவ்வொரு செல்லின் வயிற்றிலும் நூற்றுக்கணக்கான குருணைகள். அந்நியப் பொருள் உள்ளே வந்ததும் குருணைகளைக் கொட்டிவிடுவார்கள். அதில் ஹிஸ்டமின் என்ற சரக்கும் இருக்கிறது. அதுதான் அரிப்பு, தடிப்பு, தும்மல் எல்லாவற்றுக்கும் காரணம்.

இந்தக் காவல்காரனைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 1,500 மெகாவாட் மின்சாரம் உண்டாக்க மலைமலையாக நிலக்கரி எரிக்கிறார்கள். அதே நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடுபடுத்தினால் தார் வடியும். அந்தத் தாரிலிருந்து துணிக்குப் போடும் சாயங்களைச் செய்ய பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற வைத்திய மாணவர், "துணியில் ஏறும் சாயம் உடம்பின் செல்லில் ஏறாதா?" என்று பார்க்க ஆரம்பித்தார். சில செல்கள் மட்டும் வேடிக்கை காட்டின. நீலச் சாயம் போட்டால் மற்றவை நீலமாக இருக்க, இவற்றின் குருணைகள் மாத்திரம் சிவப்புக் கலந்த ஊதா நிறமாக மாறின! நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்தவை போலும் என்று எண்ணி, 1878-ல் 'மாஸ்ட் செல்' என்று பேர் வைத்தார். ஜெர்மன் பாஷையில் கொழுக்க ஊட்டுவதற்குச் சொல்லும் வார்த்தை அது.

நான்கு வருஷம் கழித்து, 1882-ல், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஃபான் ரெக்லிங்ஹௌசன் என்ற டாக்டர், தோலில் வரும் இந்த முண்டுகள் நரம்பிலிருந்து வருகின்றன என்று எழுதினார். வியாதிக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்வதுண்டு. இன்னொரு அதிசயம் கேளுங்கள்: இதே மனிதர் 1863-லேயே தவளையின் வயிற்றுச் சவ்வில் குருணை நிரம்பிய செல்களைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். அவைதாம் மாஸ்ட் செல்கள்! இரண்டுக்கும் தொடர்பு இருப்பது உலகத்துக்குத் தெரியப் பிறகு வெகுகாலம் ஆயிற்று.

நார்க்கட்டியைச் சீவிச் சாயம் போட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஊதாக் குருணைகளோடு மாஸ்ட் செல்கள் ஏராளமாகக் குடியிருந்தன. அழுக்கை விழுங்கும் செல்களும் கூட்டம் கூட்டமாக இருந்தன. கிருமியும் இல்லை, முள்ளும் குத்தவில்லை. அப்படியிருக்கக் காவல்காரர்களுக்கு அங்கே என்ன வேலை?

வேலியே பயிரை மேய்ந்தது

மின்சாரக் கம்பிக்கு மேலே உறை இருக்கிற மாதிரி, நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அதை நெய்பவை 'ஷ்வான் செல்கள்'. நாம் சொன்ன அந்தத் தணிக்கிற ஜீன் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதி. பிறவியிலேயே ஒன்று பழுது. ஏதோ ஒரு ஷ்வான் செல்லில் இரண்டாவதும் கெட்டுப்போனால், அந்தச் செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. பெருகும்போது ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. மாஸ்ட் செல்லுக்கு அது கல்யாணப் பத்திரிகை மாதிரி; விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருகிறது.

வந்தது சும்மா இருக்கிறதா? அந்த மாஸ்ட் செல்லிலும் ஒரு பிரதி பழுதுதான். ஆகவே சீக்கிரம் உணர்ச்சிவசப்படும். குருணைகளைக் கொட்டுகிறது. புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. நார் உண்டாக்கும் செல்கள் நாரை நெய்து தள்ளுகின்றன. கட்டி கொழுக்கிறது. காவலுக்கு வந்தவனே திருடனுக்கு ஏணி பிடித்தான்! கட்டிகளில் அவ்வப்போது அரிப்பு எடுப்பதற்கும் இந்தக் காவல்காரன்தான் காரணம் என்று கருதுகிறார்கள்.

2008-ல் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் எலிகளில் இதைச் சோதித்தார்கள். மாஸ்ட் செல் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவது. அது சரியாக உண்டாகாதபடி மஜ்ஜையை மாற்றி வைத்தபோது கட்டி வளரவில்லை. அதே சமயம், கழுத்துக் கட்டியால் மூச்சு முட்டிய மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு 'இமாட்டினிப்' என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். மாஸ்ட் செல்லுக்கு வரும் அழைப்பை அடைக்கும் மருந்து அது. சில மாதங்களில் கட்டி வெகுவாகச் சுருங்கியது.

உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 2012-ல் 36 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஆறு பேருக்குத்தான் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. காவல்காரன் ஒருவனை மட்டும் பிடித்தால் போதாது, கூட்டாளிகள் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

மாத்திரையின் சென்னை வழக்கு

இந்த இமாட்டினிப் மாத்திரைக்கும் சென்னைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்காக வந்த மருந்து இது. ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனியான நோவார்டிஸ் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006-ல் மறுத்துவிட்டார்கள். கம்பெனி பாரிமுனையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போய் இந்தியச் சட்டத்தையே எதிர்த்தது. 2007-ல் அந்த மனுவும் தள்ளுபடி. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ந் தேதி டில்லி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தை நம் நாட்டுக் கம்பெனிகள் சுமார் பத்தாயிரத்துக்குள் கொடுக்க முடிந்தது இதனால்தான். புதிய மருந்து ஏழைக்கு எட்டுமா என்ற கேள்விக்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பதில் கிடைத்தது.

நார்க்கட்டிக்கு அதைவிடப் பலன் தந்த மருந்து பிறகு வந்தது. நரம்புக் கொத்தையே வளைத்துப் பெரிதாக வளரும் ஒரு ரகம் உண்டு. கத்தி வைக்க முடியாத இடத்தில் இருக்கும். பழுதான ஜீனால் செல்லுக்குள் மூளும் தீயைத் தணிக்கும் 'செலுமெட்டினிப்' என்ற மருந்தை 50 குழந்தைகளுக்குக் கொடுத்ததில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தக் கட்டி குறைந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க அரசு இதை அங்கீகரித்தது. ஆனால் தோலில் வரும் சின்ன முண்டுகளுக்கு இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்துகள் இவை.

நாம் செய்யக்கூடியது என்ன?

முதலில் குழந்தைகள். இந்த வியாதியின் முதல் அடையாளம் கட்டி அல்ல. தோலில் தெரியும் பழுப்புத் திட்டுகள். பிரெஞ்சுக்கார டாக்டர்கள் இதற்குப் 'பால் காப்பி' என்றே பேர் வைத்தார்கள். நம் வீட்டுக் காப்பி நிறத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை, பலருக்கு இருக்கும். ஆறு அல்லது அதற்கு மேல், ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அக்குளில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள் தெரிந்தாலும் அப்படியே. 'அதிர்ஷ்ட மச்சம்' என்று சொல்லி விட்டுவிடக்கூடாது. இந்தக் குழந்தைகளுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை அவசியம். முதுகெலும்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் படிப்பில் சிரமம் வருவதுண்டு. "மக்கு" என்று குட்டாதீர்கள். தனியாகச் சொல்லிக் கொடுத்தால் முன்னுக்கு வருவார்கள்.

பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருவமடையும்போதும் கர்ப்பகாலத்திலும் கட்டிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் கூடலாம். பயந்துவிட வேண்டாம். இந்த வியாதி உள்ள பெண்களுக்கு 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே 30 வயதிலிருந்தே பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

"கட்டியில் கத்தி பட்டால் புற்றாகிவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். தோல் மேல் இருக்கும் சின்ன முண்டுகள் புற்றாவதில்லை. உடையில் உரசுகிறது, முகத்தில் தெரிகிறது என்றால் அறுத்தோ லேசர் கொண்டோ எடுத்துவிடலாம். ஆழத்தில் இருக்கும் பெரிய கட்டி திடீரென்று வளர்ந்தாலும், கல்லாக இறுகினாலும், ராத்திரி தூங்கவிடாமல் வலித்தாலும் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது.

எங்கே போவது? வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. பாட்டிமார் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அல்லவா! அங்கே தோல் சிகிச்சையும் உண்டு. பேர்பெற்ற பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவும் உண்டு.

கல்யாணப் பேச்சு வந்தால்? மறைக்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பூவா தலையா போடுவது மாதிரி. எவ்வளவு கடுமையாக வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பலர் லேசான அடையாளத்தோடு நூறு சதவீதம் வேலை செய்துகொண்டு, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து வாழ்கிறார்கள். பெண்ணையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம்.

அடுத்த தடவை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, முதுகையும் வயிற்றையும் அக்குளையும் வெளிச்சத்தில் ஒரு தரம் பாருங்கள். காப்பி நிறத் திட்டுகள் இருந்தால் எண்ணுங்கள். ஐந்தோடு நின்றால் குளிப்பாட்டி முடியுங்கள். ஆறோ அதற்கு மேலோ இருந்தால், குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டிவிட்டு, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.