திரையைக் குலைத்த பூச்சியம்!

திருப்பூரில் பனியன் துணி பின்னும் எந்திரத்தில் ஏராளமான ஊசிகள் உண்டு. ஒரே ஒரு ஊசி பழுதானாலும் துணியில் நீளமாகக் கோடு விழும். துணியைத் தைத்துப் பயன் இல்லை. பழுதான ஊசியைத் தேடிப் பிடித்து மாற்றவேண்டும்.

கம்ப்யூட்டர் திரையில் ஓடும் படமும் இப்படித்தான். படம் குலைந்தால் கோளாறு திரையில்தான் இருக்கும் என்பதில்லை. நினைவகத்திலும் இருக்கலாம்.

நினைவகம் என்பது வரிசையாக அடுக்கிய சின்னஞ்சிறு பெட்டிகள். ஒரு பெட்டிக்கு 'பைட்' என்று பெயர். அதில் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண்ணைத்தான் வைக்கலாம். 255-உடன் ஒன்றைக் கூட்டினால்? மறுபடியும் பூச்சியமே வரும்!

256-வது கட்டம்

ஜப்பானின் நாம்கோ கம்பெனி 1980-ம் ஆண்டில் 'பேக்-மேன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மஞ்சள் உருண்டை ஒன்று பேய்களுக்குத் தப்பி, புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும்.

கெட்டிக்காரர்கள் சிலர் மணிக்கணக்கில் ஆடி 255 கட்டங்களைத் தாண்டினார்கள். 256-வது கட்டம் வந்தது. திரையின் வலது பாதியில் எழுத்துகள் தாறுமாறாகத் தோன்றின! புள்ளிகள் மறைந்தன. மேலே போக வழி இல்லை. பட்ட பாடு எல்லாம் அதோடு நின்றது.

என்ன காரணம்?

கட்டத்தைக் காட்டும் பழங்கள் திரையின் அடியில் வரும். 7 பழங்களுக்கு மேல் வராது. 256-வது கட்டத்தில் எண்ணிக்கைப் பெட்டியில் பூச்சியம் விழுந்தது.

"ஒரு பழம் வரை. ஒன்றைக் கழி. பூச்சியம் ஆனால் நிறுத்து." இதுதான் கட்டளை. பூச்சியத்தில் ஒன்றைக் கழித்ததும் 255 ஆகிவிட்டது! நிற்காமல் 256 தடவை வரைந்தது. பக்கத்துப் பெட்டிகளிலும் எழுதித் தள்ளியது.

இது விளையாட்டோடு போகவில்லை. 2024 ஜூலை 19-ந் தேதி 'கிரவுட்ஸ்டிரைக்' கம்பெனியின் பாதுகாப்பு புரோகிராம், 20 தகவல்களே இருந்த இடத்தில் 21-வதைத் தேடியது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விமானங்கள் ரத்தாயின.

நினைவகத்துக்கு வேலி

தவறு நடக்கும் இடம் ஒன்று. கெடுதல் தெரியும் இடம் வேறு. விநாடிக்கு 60 படம் ஓடும்போது கண்ணால் எப்படிப் பிடிப்பது?

கூகுள் எஞ்சினீயர்கள் 2012-ம் ஆண்டில் 'அட்ரஸ் சானிடைசர்' என்ற கருவியைப் பற்றி வெளியிட்டார்கள். அது நினைவகப் பகுதிகளைச் சுற்றி வேலி போடுகிறது. புரோகிராம் வேலியைத் தொட்டதுமே நிறுத்தி, எந்த வரியில் தவறு என்று காட்டுகிறது.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் கட்டளை எழுதும்போதே இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: "பெட்டி நிரம்பினால் என்ன ஆகும்? பூச்சியம் வந்தால் என்ன ஆகும்?"