டெலிபோன் மோடமும் அதன் வேகமும்

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வசதி 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் ஸ்தாபனத்தின் மூலம் கிடைத்தது. பல ஆண்டுகள் வரை அதற்கு டெலிபோன் கம்பியே வழியாயிருந்தது. டயல் செய்து இணையும் அம்முறை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பெனியும் அதனை 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆயினும் செம்புக் கம்பியை நம்பியிருக்கும் அங்கத்தினர் அதன் தன்மையை அறிந்திருப்பது நலம்.

டெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காக ஏற்பட்டது. வினாடிக்கு உத்தேசமாக 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளே அதில் செல்லும். கணிப்பொறியின் எண்களை மோடம் இந்த எல்லைக்குள் ஒலியாக மாற்றி அனுப்புகிறது. டயல் செய்தவுடன் கேட்ட கீச்சொலியும் இரைச்சலும் இரு முனைகளிலுமுள்ள மோடங்கள் கம்பியைச் சோதித்து வேகத்தை முடிவு செய்யும் பேச்சேயாகும். அவ்வேகம் அந்த நிமிஷத்து நிலைக்கே பொருந்தும். பின்னர் மழையில் நனைந்த இணைப்பாலோ, அடுத்த அறையில் ஒருவர் டெலிபோனை எடுத்ததாலோ இரைச்சல் மிகுந்தால், கெட்டுப்போன பகுதிகளை மோடம் மீண்டும் கேட்டு வாங்கும். இரைச்சல் நீடித்தால் இணைப்பே அறுந்துவிடும்.

இங்கே கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு மெகாபைட் செய்தியை இறக்க, 33,600 பிட் வேகத்தில் ஏறக்குறைய 4 நிமிஷம் 10 வினாடியாகும். 28,800இல் 4 நிமிஷம் 51 வினாடி. வித்தியாசம் 41 வினாடிதான். இணைப்பு ஒருமுறை அறுந்தாலோ, மறுபடி டயல் செய்வதிலேயே அந்த லாபம் போய்விடும். புதிய அழைப்புக்குக் கட்டணம் வேறு. பாவு நூல் நலிந்திருக்கையில் தறியை விரைந்து ஓட்டுவோர் நம்மில் எவருமில்லை.

ஆகவே முதலில் உபரி டெலிபோன்களைக் கழற்றி, கம்பி வீட்டினுள் நுழையும் இடத்திலேயே மோடத்தைப் பொருத்திப் பார்ப்பார்கள். அதன் பிறகே அமைப்பு. 1998இல் வந்த வி.90 முறையில் 56,000 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், நெடுந்தூரக் கம்பியில் அது கிட்டாது. அத்தகைய இடங்களில் வி.34 முறைக்கு இறக்கி, உச்ச வேகத்தையும் மட்டுப்படுத்துவதே உத்தமம். கணிப்பொறிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள 115,200 என்ற வேகம் வேறு விஷயம். அதைக் குறைப்பதால் கம்பியில் எந்தப் பயனுமில்லை. பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டனர். எஸ்-10 என்ற பதிவை 50 ஆக்கினால், ஒலி நின்றபின் ஐந்து வினாடி பொறுத்தே மோடம் தொடர்பைத் துண்டிக்கும். சிறு தடங்கல்களைக் கடக்க இது போதும்.

இன்றைய டி.எஸ்.எல். இணைப்பிலும் இதே நியாயம்தான். அங்கே இரைச்சலுக்கு விடும் இடைவெளியைப் பெரும்பாலும் டெலிபோன் காரியாலயமே நிர்ணயிக்கிறது. இணைப்பு அடிக்கடி அறுந்தால், அறுந்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கம்பியைச் சோதிக்கும்படியும், அதுவரை வேகத்தைக் குறைத்து வைக்கும்படியும் எழுதிக் கேட்கலாம்.