கூரையடியில் வாழும் நெட்டைக்கால் சிலந்தி

தருமபுரி மாவட்டத்து ஓட்டு வீடுகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் அண்ணாந்து பார்த்தால், மயிரிழை போன்ற நீண்ட கால்களுடன் தலைகீழாகத் தொங்கும் சிறு சிலந்தி ஒன்றைக் காணலாம். ஒட்டடை என்று நாம் அடித்துத் தள்ளுவது பல வீடுகளில் இதன் பழைய வலையே. விலங்கியலார் இதனைக் கிராசோபிரைசா லயோனி என்பர். இந்தியாவிலிருந்து கிடைத்த சிலந்திகளைக் கொண்டு, 1867ஆம் ஆண்டில் ஜான் பிளாக்வால் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனை முதன்முதலாக விவரித்தார். இன்று வெப்ப நாடுகள் பலவற்றிலும் மனிதர் கட்டிய கட்டடங்களை அண்டி இது வாழ்கிறது.

உடல் ஏறத்தாழ 3 முதல் 7 மில்லிமீட்டர். கால்களோ அதனினும் பன்மடங்கு நீளமானவை. சாம்பல் நிறம். பக்கவாட்டில் நோக்கினால் வயிற்றின் பின்புற மேல்முனை கூம்பி நிற்பது தெரியும். இதுவே சிறந்த அடையாளம். இதே இடங்களில் வாழும் ஆர்ட்டெமா என்னும் உறவினச் சிலந்திக்கு வயிறு மிளகுபோல் உருண்டையாக இருக்கும், உருவமும் பெரிது. வலையைத் துரும்பால் தீண்டிப் பாருங்கள்: லயோனி தன் உடலை விரைந்து சுழற்றும், உருவமே மங்கிவிடும். தாய்ச் சிலந்தி முட்டைகளை மெல்லிய நூலால் கட்டி வாயில் கவ்வியபடியே காத்திருக்கும். அருமையான காட்சி அது!

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுக்களை இச்சிலந்தி பிடித்துண்பதைத் தாய்லாந்தில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் தொட்டியை மூடாமலும் தேங்கிய நீரை அகற்றாமலும் இருந்துவிடலாம் என்பதில்லை. கொசு பிறக்கும் இடத்தைச் சிலந்தி அழிக்காது.

உடலில் கொப்புளம் எழுந்தால் "எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது" என்று கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. இச்சிலந்தியால் மனிதருக்குத் தீங்கில்லை. ஒரு பக்கமாக வரிசையாய் எரிச்சலுடன் எழும் கொப்புளம் பெரும்பாலும் அக்கியாக இருக்கும். முன்பு வந்த சின்னம்மையின் கிருமி உடலில் தங்கியிருந்து மீண்டும் கிளர்வதே அக்கி. 3 நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்றால் மருந்து நன்கு பயன்படும். காவி பூசிக் காத்திருப்போர் அந்நாட்களை இழக்கின்றனர்.

ஆகவே பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் இச்சிலந்திக்கென ஊராட்சிப் பணத்தில் பூச்சிமருந்து தெளிக்கத் தேவையில்லை, ஒட்டடைக்கோல் போதும். பட்டுப்புழு வளர்ப்பு மனைகளில் மட்டும், கிருமிநீக்கம் செய்யுமுன் கூரை, சுவர், தட்டுகள் அனைத்திலும் உள்ள வலைகளை முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். தொழுவத்து மூலையில் இருப்பதை விட்டுவிடலாம்.