செயலே மருந்து

ஆனித் திங்கள் பிறந்ததும், தென்காசிக் கோபுரத்தைக் கடந்து மக்கள் திரள்திரளாகக் குற்றாலம் நோக்கிச் செல்வர். அருவியில் நீராடினால் உடல் நலம் பெறும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆயினும், நீராடியும் மருந்துண்டும் முற்றும் நீங்காத நோய்கள் சில உள. மூளை, தண்டுவடம், நரம்பு, தசை ஆகியவற்றைப் பற்றி நெடுநாள் நிற்பன அவை. அத்தகைய நோயுடையார் தம் அன்றாடக் கடமைகளைத் தாமே ஆற்றி வாழ வழிகாட்டும் கலை ஒன்று உண்டு. 'ஆக்குபேஷனல் தெரபி' எனப்படும் செயல்முறை மருத்துவமே அக்கலை. அதனைப் போற்றிவரும் நிலையம் ஒன்று தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் உள்ளது.

செயல் என்றவுடன் ஊதியம் தரும் தொழிலை மட்டும் எண்ணுதல் கூடாது. பல் துலக்குதல், உடுத்தல், உண்ணுதல், எழுதுதல், கோலமிடுதல் ஆகிய யாவும் செயல்களே. இயன்முறை மருத்துவம் உறுப்புகளின் வலிமையையும் அசைவையும் வளர்க்கும். செயல்முறை மருத்துவமோ, எஞ்சியுள்ள வலிமையைக் கொண்டு வேண்டிய செயலை முடிக்கும் வகையைக் கற்பிக்கும். "இவர் செய்ய விரும்புவது யாது? அதனைத் தடுப்பது யாது?" என்பனவே இத்துறை வல்லுநர் முதற்கண் எழுப்பும் வினாக்கள்.

தடையை நீக்கும் வழிகள் மூன்று. முதலாவது, செய்யும் முறையை மாற்றுதல். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், சட்டை அணியும்போது அக்கையை முதலில் நுழைத்தல் வேண்டும். கழற்றும்போது அதனை இறுதியில் எடுத்தல் வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயுடையார் விரைவில் களைப்படைவர். வெம்மையும் அவர்களை வருத்தும். ஆதலின், அவர்கள் வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்துக்கொண்டு, களைப்புத் தோன்றுமுன்னரே ஓய்வு கொள்ளப் பழகுவர்.

இரண்டாவது, கருவியை மாற்றுதல். பிடி தளர்ந்தவருக்குக் கரண்டியின் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கித் தரலாம். தட்டு நழுவாதிருக்க, அதன் அடியில் ஈரத்துணி விரிக்கலாம். பொத்தானுக்கு மாற்றாக ஒட்டுப்பட்டை தைக்கலாம்.

மூன்றாவது, இடத்தை மாற்றுதல். படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் அமைத்தலும், குளியலறையில் கைப்பிடி பொருத்துதலும் இவ்வகையின. பார்க்கின்சன் நோயுடையார் சிலர் நடக்கும்போது திடீரென அடிபெயர்க்க இயலாது நின்றுவிடுவர். தரையில் குறுக்குக் கோடுகளை இட்டு, அவற்றைத் தாண்டி அடிவைக்கப் பழக்கினால், பலருக்கு நடை எளிதாகின்றது.

உடலின் இயல்பே துணை செய்வதும் உண்டு. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டோருள் சிலருக்கு விரல்கள் இயங்கா. மணிக்கட்டு மட்டும் மேலெழும். அதனை உயர்த்தினால், தசைநாண்கள் இழுக்கப்பட்டு விரல்கள் தாமே உள்மடியும். தாழ்த்தினால் அவை விரியும். மாணவர்கள் தம் கையைத் தளரவிட்டு இதனைச் செய்து காணலாம். இந்த எளிய அசைவைப் பழகியோர் இலேசான பொருள்களைப் பற்றி எடுக்கின்றனர்.

இந்தியாவில் இக்கலையைக் கற்பிக்க, 1950-ஆம் ஆண்டில் கமலா நிம்ப்கர் அம்மையார் பம்பாயில் பள்ளி தொடங்கினார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவராகிய மேரி வர்கீஸ் அம்மையார், 1954-இல் நேர்ந்த விபத்தால் கால்கள் செயலிழந்தார். ஆயினும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார்; பின்னர், தம்மைப் போன்றோர்க்கு மறுவாழ்வு அளிக்கும் துறையையும் அங்கு நிறுவினார்.

ஆய்க்குடியின் வரலாறும் அத்தகையதே. பொறியியல் மாணவராயிருந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து தண்டுவடம் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் இயங்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த 1981-இல், ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகல் என்னும் படை மருத்துவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்கராகிய திரு. எஸ். சங்கரராமன், 1992-இல் அவருடன் இணைந்தார். சிறு பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனம், தண்டுவடம் அடிபட்டோர்க்குப் பயிற்சியும், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இளமையிலேயே மருத்துவமும் அளிக்கும் நிலையமாக வளர்ந்தது. அதன் பணியாளர்கள் சிற்றூர்களில் உள்ள வீடுகளுக்கே சென்று, பெற்றோருக்கும் பயிற்சி முறைகளைக் கற்பிக்கின்றனர். இராமகிருஷ்ணனின் தொண்டைப் போற்றி, இந்திய அரசு 2020-இல் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது.

நோயுற்றவர்பால் அன்புடையார் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு. அவர் உண்ணத் தொடங்குமுன் ஊட்டிவிடுவர். எழ முயலுமுன் தூக்கிவிடுவர். அன்பால் செய்யினும், இது அவருடைய செயலைப் பறித்துக்கொள்வதாகும். பயிலாத கை மேலும் தளரும்; பிறர் கையையே எதிர்நோக்கும் மனமும் சோரும். இயலாதவற்றில் துணை செய்தலும், இயல்வனவற்றில் பொறுத்திருத்தலுமே உண்மையான உதவி. ஒரு பிடி சோற்றைத் தம் கையாலேயே உண்ண ஒருவர் கால்நாழிகை எடுத்துக்கொள்ளினும், அருகில் இருப்பவர் அதுவரை காத்திருத்தல் வேண்டும். அந்தப் பொறுமையும் மருத்துவத்தின் ஒரு பகுதியேயாகும்.