செங்கல்லும் சாம்பலும்

சூளை அணைந்த ஊர்களை நாம் அறிவோம். சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, பன்னிமடை, சோமையனூர் - கோவையை அடுத்த மலையடிவாரத்து ஊர்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே செம்மண் தோண்டினர். குழி பள்ளமாயிற்று, பள்ளம் பாதாளமாயிற்று! ஓடை சிதைந்தது, யானை நடந்த தடம் அறுந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2021 மார்ச்சில், உரிமம் இல்லையென்று 150-க்கும் மேற்பட்ட சூளைகளை மாவட்ட நிர்வாகம் மூடிற்று.

மூடியது சரியே. மண்ணைக் கொன்று மாளிகை எழுப்புவதை நாம் வளர்ச்சி என்று ஒப்பவில்லை. ஆனால் கேட்கிறோம்: முதல் போட்டவனுக்கு வேறு தொழில் உண்டு, கல் அறுத்தவன் எங்கே போவான்? சேம்பரில் கல் சுமந்த பெண் எங்கே போவாள்? அந்தக் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

இன்று 'சுழற்சிப் பொருளாதாரம்' என்றொரு சொல் புழங்குகிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் மூலப்பொருளாம்! தோழர்களுக்கு இது புதிதா? பழைய வீட்டை இடித்தால் நிலையும் உத்தரமும் ஓடும் விலைபோகும். உடைசல் கூட அஸ்திவாரத்தில் விழும். ஏழை என்றோ கண்டதை மேதைகள் இன்று கண்டிருக்கிறார்கள். மகிழ்ச்சி!

ஆயினும் விஷயத்தில் உண்மை உண்டு. மதுக்கரையில் 1930-களிலேயே சிமெண்ட் ஆலை எழுந்தது, சுண்ணாம்புக்கல்லை நம்பி. அக்கல்லைச் சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுட்டால்தான் கிளிங்கர் கிடைக்கும். எரியும் நிலக்கரி கக்கும் கரியமில வாயுவைவிடக் கல்லே கக்குவது அதிகம்! மனிதகுலம் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமெண்டால் வருவது. கிளிங்கரில் பாதியை விலக்கி, மிதமாகச் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்தால், அது நூற்றுக்கு 30, 40 வரை குறையும் என்கின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யும் ஆராய்ந்த சிமெண்ட் இது. 2023-இல் இதற்கு இந்தியத் தர அளவும் வந்துவிட்டது. நம் கொத்தனார்களில் எத்தனை பேர் கையில் வந்தது?

அடுத்து சாம்பல். மேட்டூர் அனல்மின் நிலையம் கழிக்கும் சாம்பலில் கல் வார்க்கலாம். செம்மண் வேண்டாம், சூளை வேண்டாம். தண்ணீர் தெளித்து ஆறவிட்டால் இறுகிவிடும். அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் சாம்பலைப் பயன்படுத்த வேண்டுமென்று 1999-இல் மத்திய அரசு ஆணையிட்டது. 2003-இல் அது 100 ஆயிற்று. கோவையோ அந்த வட்டத்துக்கு வெளியே! எல்லை 300 ஆக விரிந்து கோவையைத் தொட்டது எப்போது? 2016 ஜனவரி 25! முதல் ஆணை வந்து பதினாறு ஆண்டு கழிந்த பின்! என்னே டில்லியின் வேகம்!

பவுண்டரிகளில் கழியும் கருமண்ணையும் சோதித்துப் பார்த்துக் கல்லில் சேர்க்கலாம். இடிபாட்டுக் கான்கிரீட்டை உடைத்த ஜல்லியை, எம்-25 வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் நூற்றுக்கு 20 வரை சேர்க்க 2016-ஆம் ஆண்டுத் தர அளவே இடம் தருகிறது. நாமோ அதைக் குளத்தங்கரையில் கொட்டுகிறோம்.

பொருள் மாறட்டும், எதிர்க்கவில்லை. ஆனால் சாம்பல் தூசும் கல்தூசும் யார் நுரையீரலில் படியும்? முகமூடி யார் தருவார்? கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கெனக் கட்டடச் செலவில் தீர்வை வசூலாகிறது. தமிழ்நாட்டில் 1994 முதலே நலவாரியம் இருக்கிறது. புதிய சிமெண்டையும் புதிய கல்லையும் கையாளும் பயிற்சியை, அந்நாள் கூலியோடு, அப்பணத்திலிருந்து கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுங்கள் என்கிறோம். கோவையில் அமையும் சாம்பல்கல் களங்கள் தொழிலாளர் கூட்டுறவில் அமையட்டும். அவற்றின் வருகைப் பதிவேட்டில் முதல் பெயர், தடாகத்துச் சூளையில் வேலையிழந்தவரின் பெயராக இருக்கட்டும்.