நாளை நடப்பது தெரியாமல் எழுதியவர்

1736 செப்டம்பர் 6-ம் தேதி, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்ற வணிகர் அன்றாட நடப்பை எழுதி வைக்கத் தொடங்கினார். 1761 ஜனவரியில் இறக்கும் காலம்வரை எழுதினார். நடுவே சில பகுதிகள் தொலைந்துவிட்டன. மிஞ்சியதே ஆங்கில மொழிபெயர்ப்பில் 12 தொகுதிகள்!

டைரி என்றால் மனக்குறையைக் கொட்டிப் பூட்டி வைக்கும் நோட்டு என்று நினைப்பவர்கள் இதைப் புரட்டினால் கொஞ்சம் ஏமாந்து போவார்கள். பிள்ளையின் கண் பெரும்பாலும் வெளியேதான் இருக்கிறது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யாருக்குப் பீரங்கி மரியாதை, கவர்னர் யாரிடம் சிடுசிடுத்தார், ஊரில் என்ன பேச்சு என்றே பக்கங்கள் நகர்கின்றன. ஜவுளிக்கடை இனாமாகத் தந்த டைரியில் பால் கணக்கு எழுதும் இல்லத்தரசிதான் இவருக்கு நெருங்கிய உறவு. நடையும் பேச்சுத் தமிழ்தான். பிரெஞ்சு, பாரசீகச் சொற்கள் தாராளமாகக் கலந்து கிடக்கின்றன.

ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இடம் சாதாரணமானதல்ல. 1742-ல் கவர்னரான துய்ப்ளேக்குப் பிள்ளை 1747-ல் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்பவர் மொழிபெயர்த்துச் சொல்வதோடு நிற்பவரல்லர். வியாபாரத் தரகும் ஊர்ப் பஞ்சாயத்தும் அவர் கைவழியே போகும். கவர்னரின் மனைவி ழான் ஆட்சியில் தலையிட்டது பிள்ளைக்கு அறவே பிடிக்கவில்லை. அந்த அம்மாள் வரும் பக்கங்களில் கணக்குக்காரர் ஒதுங்கிக்கொள்ள, கோபக்கார மனிதர் முன்னால் வந்துவிடுகிறார்.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீஸ்வரர் கோயிலைத் துய்ப்ளேயின் நிர்வாகமே இடித்தது. ஊர்ப் பெரியவர்கள் கலங்கியதை எழுதிய அதே கை, தாம் கவர்னரிடம் தொடர்ந்து வேலை பார்த்ததையும் எழுதியிருக்கிறது. வயதான பிறகு சுயசரிதையாக எழுதியிருந்தால் இந்த இடத்தைச் சற்றுப் பூசி மெழுகியிருப்பார். நாட்குறிப்பில் அந்த வசதி கிடையாது. துய்ப்ளேயின் வெற்றிகளை அன்றன்றைக்குப் பதிந்தவருக்கு, 1754-ல் அவரைப் பிரான்சுக்குத் திருப்பி அழைத்துவிடுவார்கள் என்று எப்படித் தெரியும்?

துய்ப்ளே போனபின் பிள்ளையின் செல்வாக்கும் சரிந்தது. அவர் 1761 ஜனவரி 12 அன்று இறந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது.

குறிப்புகள் 1846-ல்தான் வெளியுலகின் கண்ணில் பட்டன. 1904-லிருந்து 1928-க்குள் சென்னை அரசு ஆங்கில மொழிபெயர்ப்பை முழுதாக அச்சிட்டு முடித்தது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948-ல்! தமிழில் எழுதியதைத் தமிழர்கள் ஆங்கிலத்தில் முதலில் படிக்க நேர்ந்த விந்தை இது. பின்னாளில் பிரபஞ்சன் இதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பிள்ளையோடு எழுத்து நின்றுவிடவும் இல்லை. அவர் குடும்பத்தில் அடுத்து வந்தவர்கள் நாட்குறிப்பைத் தொடர்ந்தார்கள். புதுச்சேரியில் காவல் பொறுப்பிலிருந்த வீரா நாயக்கரும் 1778 முதல் தம் பங்குக்கு எழுதினார்.