நம் ஒழுங்கைக்கும் ஒரு தேசப்படம்

"ஆலடிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பி, வைரவர் கோயிலைத் தாண்டியதும் வருகின்ற இரண்டாம் ஒழுங்கை" என்று வழிசொல்லி வாழ்ந்த மக்கள் நாம். ஊரிலே பிறந்தவனுக்கு அதுவே போதும். ஆனால், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச்செல்ல வருகின்ற வண்டியின் சாரதிக்கு ஆலடியும் தெரியாது. வைரவர் கோயிலும் தெரியாது. அவர் கையிலுள்ள தேசப்படத்தில் நம் ஒழுங்கை இல்லையாயின், வண்டி பிரதான வீதியிலேயே நின்று தயங்கும். ஆகவே, தேசப்படம் என்பது புவியியற் பாடத்தோடு முடிந்துவிடும் பொருளன்று.

அத்தகைய படத்தைப் பார்க்கவும் திருத்தவும் பெருஞ்செலவு வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய கணினியும், லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இதற்குப் போதுமானவை. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த முயற்சி அது. அதனையும், அதில் இயங்கும் தேசப்பட மென்பொருள்கள் பலவற்றையும் விலையின்றிப் பெறலாம். எனினும், புதியவர் பெரும்பாலும் முதற்படியிலேயே இடறுகின்றனர். எல்லாவற்றிலும் பெரிய கருவியை முதலில் எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

கருவிகளைப் பற்றிக் கூறுமுன் ஜி.பி.எஸ். முறையைச் சிறிது அறிந்துகொள்வோம். ஐக்கிய அமெரிக்கா 1978 முதல் ஏவிவந்த செய்மதிகள், ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியை வலம்வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. செய்மதி அனுப்பும் நேரக்குறிப்பு வந்துசேர எடுத்த காலத்தைக் கொண்டு, நம் கையிலுள்ள கருவி தூரத்தைக் கணிக்கின்றது. இடத்தையும் உயரத்தையும் அறிய மூன்று செய்மதிகள் போதும் போலத் தோன்றும். ஆயின், நம் கருவியின் கடிகாரம் அத்துணைத் துல்லியமானதன்று. ஒரு செக்கனில் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீற்றர் பிழைத்துவிடும். அப்பிழையைத் திருத்தவே நான்காவது செய்மதி வேண்டப்படுகின்றது.

இனி, கருவிகளை அவற்றின் வரிசையிற் காண்போம். உபுண்டு, மின்ட் முதலிய லினக்ஸ் வகைகளில், உடன்வரும் மென்பொருட் களஞ்சியத்திலிருந்தே இவற்றை நிறுவிக்கொள்ளலாம்.

முதலாவது, மார்பிள். இது கணினித் திரையிலே சுழலும் ஒரு பூகோள உருண்டை. அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவற்றைச் சிறுவர் விளையாட்டாகவே கற்றுக்கொள்ள இது பெரிதும் உதவும்.

இரண்டாவது, வைக்கிங் அல்லது ஜி.பி.எக்ஸ்.சீ. கைத்தொலைபேசியில் பாதையைப் பதியும் செயலி ஒன்றை இயக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்து வாருங்கள். அது ஜி.பி.எக்ஸ். என்னும் வகைக் கோப்பொன்றைத் தரும். அதனைக் கணினியிலே திறந்தால், நீங்கள் நடந்த வழி படத்தின்மீது கோடாகத் தோன்றும். மதிலோரத்திலும் மரநிழலிலும் கோடு சற்றே வளைந்து நெளிவதைக் கண்டு மயங்கவேண்டாம். செய்மதிக் குறிப்பு தடைப்படுவதால் நேர்வது அது.

மூன்றாவது, ஓபன் ஸ்ட்ரீட் மேப். 2004 இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் தொடக்கிய பொதுத் தேசப்படம் இது. பெயரைப் பதிந்துகொண்டு இணைய உலாவி மூலமே எவரும் இதில் ஒழுங்கையையும் குளத்தையும் பொதுக் கிணற்றையும் வரையலாம். இடப்பெயரைத் தமிழிலும் எழுதலாம்.

இம்மூன்றும் கைவந்த பின்னரே கியூஜிஐஎஸ் என்னும் பெருங்கருவியைத் தொடுதல் நன்று. 2002 இல் கேரி ஷேர்மன் தொடக்கிய இம்மென்பொருள், நிலம், நீர், வீதி என்பவற்றைத் தனித்தனிப் படைகளாக அடுக்கி ஆராய்வதற்கு ஏற்றது.

இரண்டு பிழைகளை மாணவர் தவிர்த்தல் வேண்டும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலக்கோடு 9.7 பாகையிலும், கிழக்கு நெடுங்கோடு 80 பாகையிலும் உள்ளது. இவ்விரண்டையும் இடம்மாற்றி எழுதினால், யாழ்ப்பாணம் வடதுருவத்தை அண்டிய சுவால்பார்ட் தீவுகளின் அருகே கடலிற் போய் நிற்கும்! மற்றையது, அடிப்படை அளவை பற்றியது. நமது நாட்டின் பழைய நிலவளவைப் படங்கள் கந்தவளை என்னும் அடிப்படையில், பிதுருதலாகலையை மையமாகக் கொண்டு வரையப்பட்டவை, ஜி.பி.எஸ். முறையின் அடிப்படை வேறு. இதைக் கணினிக்கு அறிவியாமல் இரண்டையும் ஒன்றன்மேலொன்று வைத்தால், நூறு மீற்றருக்கும் மேலாக விலகிநிற்கும். அயலவரின் வேலி நம் வளவுக்குள் வந்துவிட்டதாக வழக்குக்குப் போகவேண்டாம்!

இவ்வுழைப்பால் விளையும் பயனுக்கு ஒரு சான்று கூறலாம். 2010 சனவரி 12 ஆம் நாள் எயிட்டி நாட்டைப் பூகம்பம் தாக்கியபோது, தலைநகராகிய போர்ட்டோ பிரின்சின் விரிவான வீதிப்படம் பொதுவிற் கிடைக்கவில்லை. பல நாடுகளிலுமிருந்த தொண்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தே செய்மதிப் படங்களைப் பார்த்துச் சில நாட்களுள் வீதிகளை வரைந்தனர். மீட்புப் பணியாளர் அப்படத்தைக் கொண்டு வழிகண்டனர். முன்பின் அறியாத மக்களுக்காக அவர்கள் செய்ததை, நம் ஊருக்காக நாம் செய்தல் பெரிதன்று.

ஆயினும், ஒழுக்கம் ஒன்று இதற்கும் உண்டு. விலைக்கு விற்கும் படங்களைப் பார்த்துப் பிரதிசெய்தல் ஆகாது. இன்ன வீட்டில் இன்னார் வசிக்கின்றார் என்று எழுதுதலும் ஆகாது. கண்ணாற் கண்டதையும் காலால் நடந்ததையும் மட்டுமே பதிதல் வேண்டும்.

ஊரிலே ஒவ்வொரு ஒழுங்கைக்கும் குளத்துக்கும் பெயருண்டு. அவற்றுட் பல, முதியோர் நாவில் மாத்திரமே வாழ்கின்றன, அவர்களோடு மறையக்கூடியவை. பெற்றோர்களே, அடுத்த ஞாயிறு மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடவுங்கள். பாட்டனாரையும் உடனழைத்து, அவர் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே பிள்ளை அவற்றைப் படத்திற் பதியட்டும். மறுமுறை நள்ளிரவில் வண்டி வரும்போது, அது வீட்டு வாயிலுக்கே வந்துசேரும்.